இந்தச் சிலை எந்த வழியாக வந்தது? வாசகர் கேள்வி – பதில்

களவுபோன சிலைகள் வெளிநாடுகளிலிருந்து திரும்பி வருவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன. திருட்டைத் தடுப்பது சொந்த நாட்டின் பொறுப்பு, சரி, ஆனால் அந்தப் பொருள் போய் இறங்குகிற நாடு தன் வாசலிலேயே அதை ஏன் மறிப்பதில்லை? நியாயமான கேள்வி. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: ஒரு நாடு பழம்பொருள் ஏற்றுமதியைத் தடை செய்திருக்கிறது. அப்படியும் பொருள் வெளியே போய்விடுகிறது. இறங்குகிற நாட்டின் சுங்க அதிகாரி, "இது அங்கே தடை செய்யப்பட்ட பொருளாயிற்றே" என்று அங்கேயே பிடித்து வைத்தால் என்ன?

பதில்: பிடித்துவைக்க வெகுகாலம் வரை அவருக்கு அதிகாரமே இல்லை என்பதுதான் சங்கடம். ஒரு நாட்டின் ஏற்றுமதித் தடையை இன்னொரு நாடு அமல்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

நியூசிலாந்துக்கு நடந்ததைக் கேளுங்கள். மோட்டுநுயி என்ற இடத்தில் ஒரு சதுப்பு நிலத்திலிருந்து, 1970-களின் தொடக்கத்தில் மாவோரி மக்களின் ஐந்து செதுக்குப் பலகைகள் வெளியே வந்தன. ஒரு உணவுக் களஞ்சியத்தின் சுவராக இருந்தவை அவை, சண்டைக் காலத்தில் எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று முன்னோர்கள் சேற்றுக்குள் மறைத்து வைத்தவை. ஏற்றுமதி அனுமதி இல்லாமலே அவை நாட்டை விட்டுப் போய் ஜெனீவாவில் ஜார்ஜ் ஓர்ட்டிஸ் என்ற சேகரிப்பாளரிடம் சேர்ந்தன. 1978-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது நியூசிலாந்து அரசு வழக்குப் போட்டது, 1983-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. அனுமதியில்லாமல் ஏற்றுமதியாகும் பொருள் அரசுக்குப் பறிமுதலாகும் என்றுதான் நியூசிலாந்துச் சட்டம் சொன்னது. ஆனால் அதிகாரிகள் உண்மையிலேயே பறிமுதல் செய்தால்தான் அது அரசுடைமை ஆகும், பலகைகளோ அவர்கள் கைக்கு அகப்படாமல் போய்விட்டன, ஆகவே அரசு ஒருபோதும் உரிமையாளர் ஆகவில்லை என்பது தீர்ப்பு. அதற்கு முன்பு மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறொரு நாட்டின் தண்டனைச் சட்டத்தை இங்கே நிறைவேற்றித் தர முடியாது என்றே சொல்லியிருந்தது. கடைசியில் நியூசிலாந்து அரசு பணம் கொடுத்து வாங்கித்தான் 2014-இல் அந்தப் பலகைகளைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோனது. தன் முன்னோர் செதுக்கியதை ஒரு சமூகம் காசு கொடுத்து மீட்க வேண்டியிருந்தது என்பதை எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அதே இங்கிலாந்தில் 2007-இல் காற்று திசை மாறியது. தென்கிழக்கு ஈரானில் ஜிரோஃப்ட் பகுதிக் கல்லறைகளைத் தோண்டிக் கொள்ளையடித்த கிண்ணங்களும் ஜாடிகளும் லண்டனில் பராகத் என்ற கடையில் இருந்தன. பூமிக்கடியில் கிடைக்கும் பழம்பொருள் அரசுக்குச் சொந்தம் என்பது ஈரானின் சட்டம். அதாவது ஈரான் கேட்டது "என் தடையை நிறைவேற்று" என்பதல்ல, "என் பொருளைக் கொடு" என்பது. அப்படிக் கேட்க ஈரானுக்கு உரிமை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, பொருளை இழந்த நாடு ஏற்றுமதியை மட்டும் தடை செய்தால் போதாது. ஒன்று அந்தப் பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைத் தன் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் வாங்குகிற நாட்டில் இறக்குமதித் தடை இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் உத்தமம்.

கேள்வி: யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கை இருக்கிறதே, அது போதாதா? தேர்வுக்குப் படிக்கிறேன், எளிமையாகச் சொல்லுங்கள்.

பதில்: பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத இறக்குமதி, ஏற்றுமதி, உரிமை மாற்றம் மூன்றையும் தடுப்பதற்கான உடன்படிக்கை அது. 1970 நவம்பர் 14-இல் நிறைவேறியது, 1972 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1977-இல் சேர்ந்தது. வாங்கும் நாடுகள் நிதானமாகத்தான் வந்தன. அமெரிக்கா 1983, பிரான்ஸ் 1997, பிரிட்டனும் ஜப்பானும் 2002, சுவிட்சர்லாந்து 2003, ஜெர்மனி 2007. இந்த ஆண்டுகளை வரிசையாகப் படித்தாலே சந்தை எவ்வளவு காலம் திறந்து கிடந்தது என்று தெரிந்துவிடும்.

தேர்வுக்கு இரண்டு பிரிவுகளைக் கட்டாயம் படியுங்கள். ஏழாவது பிரிவின்படி, அருங்காட்சியகத்திலிருந்தோ சமய அல்லது பொது நினைவுச் சின்னத்திலிருந்தோ திருடப்பட்ட பொருளை உறுப்பு நாடு இறக்குமதி செய்ய விடக் கூடாது, ஆனால் அந்தப் பொருள் அந்த இடத்தின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஒன்பதாவது பிரிவு, தொல்லியல் களங்கள் சூறையாடப்படும் நாடு மற்ற நாடுகளிடம் உதவி கேட்க வழி செய்கிறது. மண்ணுக்குள் இருப்பதற்கு ஏது பதிவேடு? அதனால்தான் இந்த இரண்டாவது வழி தேவைப்பட்டது.

அப்புறம், உடன்படிக்கை தானாக எதையும் பிடிக்காது. ஒவ்வொரு நாடும் தன் நாட்டில் தனிச் சட்டம் போட்டால்தான் சுங்க அதிகாரி கையில் ஏதாவது இருக்கும். பின்னோக்கியும் அது செல்லாது, அதாவது உடன்படிக்கைக்கு முன்னால் போனவற்றுக்கு அது பொறுப்பேற்காது. கள்ளச் சந்தைக்காரர்கள் போலி ஆவணம் தயாரிக்கும்போது "1960-களில் வாங்கியது", "1971-க்கு முன்பே வெளியே வந்தது" என்றெல்லாம் விரும்பி எழுதுவது ஏன் என்று இப்போது புரியும்.

கேள்வி: துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் இறங்குகின்றன. அதில் ஒரு பெட்டிக்குள் இருப்பது கடத்தல் பொருள் என்று அதிகாரி எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பதில்: பெரும்பாலும் பெட்டியைத் திறந்து பார்த்து அல்ல, காகிதத்தைப் படித்து. இறக்குமதிப் படிவத்தில் மூன்று இடங்கள் முக்கியம்: பொருள் என்ன, எந்த நாட்டில் உருவானது, என்ன விலை. கடத்தல்காரர் உண்மையை எழுதினால் மாட்டிக்கொள்வார், பொய் எழுதினால் அந்தப் பொய்யே ஒரு குற்றம். பல வழக்குகளில் திருட்டை நிரூபிப்பதை விட இந்தப் பொய்யை நிரூபிப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

சிசிலித் தீவிலிருந்து வந்த பழங்கால கிரேக்கத் தங்கத் தட்டு ஒன்றை, அமெரிக்கப் பணக்காரர் மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் 1991-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். நியூயார்க் சுங்கத்தில் கொடுத்த படிவத்தில் விலை 2,50,000 டாலர் என்றும், உருவான நாடு என்ற கட்டத்தில் சுவிட்சர்லாந்தின் குறியீடும் இருந்தன. தட்டு சுவிட்சர்லாந்து வழியாக வந்தது உண்மை, உருவானது அங்கே இல்லை. ஒரே ஒரு கட்டத்தில் எழுதிய பொய். இத்தாலி என்று எழுதியிருந்தால் அதிகாரி உடனே கேள்வி கேட்டிருப்பார், ஆகவே அது சாதாரணப் பிழை அல்ல, முடிவையே மாற்றக்கூடிய பொய் என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தட்டைப் பறிமுதல் செய்ததை உறுதிப்படுத்தியது. தட்டு இத்தாலிக்குத் திரும்பியது.

இன்னொன்று, ஹாபி லாபி என்ற பெரிய அமெரிக்கக் கடைத்தொடர். 2010-இல் ஈராக்கைச் சேர்ந்த களிமண் பலகைகள், முத்திரைகள் என்று சுமார் 5,500 பொருள்களை 16 லட்சம் டாலருக்கு வாங்கியது. இவை கொள்ளைப் பொருளாக இருக்கலாம் என்று அவர்கள் அமர்த்திய நிபுணரே முன்கூட்டி எச்சரித்திருந்தார். அப்படியும் பார்சல்கள் பல முகவரிகளுக்குப் பிரிந்து வந்தன, மேலே "பீங்கான் ஓடு", "களிமண் ஓடு, மாதிரி" என்று எழுதியிருந்தது, உருவான நாடு துருக்கி என்றும் இஸ்ரேல் என்றும் மாறி மாறி இருந்தது. நான்காயிரம் வருடத்துக்கு முன்பு ஒரு எழுத்தர் ஈர மண்ணில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதிய கணக்கை, குளியலறைச் சுவரில் ஒட்டும் ஓடு என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். 2017-இல் பொருள்களை இழந்ததோடு 30 லட்சம் டாலரும் கட்ட வேண்டியிருந்தது.

பெட்டியைத் திறந்த பிறகு பார்க்க வேண்டியவையும் உண்டு. இடுக்குகளில் ஒட்டிய மண், சிலையின் பாதத்துக்குக் கீழே பீடத்திலிருந்து அறுத்தெடுத்த புதுப் பளபளப்பு, உடைந்த விளிம்பில் மட்டும் வேறு நிறம். பல காலமாக ஒரு வரவேற்பறையில் இருந்த பொருளில் இவை இருக்காது. ஆனால் இதைப் பார்த்ததும் சந்தேகப்படப் பயிற்சி வேண்டும், நிபுணரை உடனே அழைக்கும் வசதி வேண்டும். பன்னாட்டு அருங்காட்சியகக் குழுமமான ஐகாம் வெளியிடும் சிவப்புப் பட்டியல்கள் இதற்காகவே வந்தவை. எந்தெந்த நாட்டில் எந்த மாதிரிப் பொருள் அதிகம் களவு போகிறது என்று படத்தோடு காட்டும்.

கேள்வி: தமிழ்நாட்டுச் சிலைகள் சில திரும்பி வந்துவிடுகின்றன, பல வருவதில்லை. வருவதற்கும் வராததற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: புகைப்படம். பெரும்பாலான சமயம் இந்த ஒரு சொல்லிலேயே பதில் முடிந்துவிடும்.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்தே கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். கலை ஆய்வுக்காக எடுத்தவை, போலீசுக்காக அல்ல. ஆனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகள் 1978-இல் களவு போயின. 2020-இல் லண்டனிலிருந்து அவை திரும்பின என்றால், 1958-இல் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்ததால்தான். கையில் வைத்திருந்தவர் விவரம் தெரிந்ததும் ஒப்படைத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரின் கதை பலருக்குத் தெரியும். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு சிலை வியாபாரி சுபாஷ் கபூரின் நியூயார்க் கடையிலிருந்து அதை வாங்கியது. சிலை 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டு வந்துவிட்டது என்று காட்டும் காகிதங்கள் கூடவே வந்தன. அந்தத் தேதிக்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இல் வந்தது, 1976-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 1990-களில் கோயிலிலேயே எடுத்த படம் புதுச்சேரியில் இருந்தது. எழுபதுகளில் வெளிநாடு போன சிலை தொண்ணூறுகளில் எப்படிக் கோயிலில் நிற்கும்? காகிதம் பொய்யாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், வேறொரு நாட்டிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பொருளின் இறக்குமதியையே குற்றமாக்குகிறது, ஆனால் பொருளை இழந்த நாட்டின் அரசு முறைப்படி கேட்டால்தான் அது அசையும். இந்தியா கேட்டது, 2014 செப்டம்பரில் சிலை கைக்கு வந்தது.

பதிவே இல்லாமல் வென்ற வழக்கும் ஒன்று உண்டு, அது எவ்வளவு பாடுபட வைத்தது என்று பாருங்கள். பத்தூர் நடராஜர் 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி தோண்டும்போது கிடைத்தது. மண்ணுக்குள் இருந்ததால் எந்தப் பட்டியலிலும் இல்லை. கை மாறி லண்டன் போய், கனடாவின் பம்பர் என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சுத்தம் செய்வதற்காக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தபோது போலீஸ் எடுத்துக்கொண்டது. அது பத்தூர்க் கோயிலைச் சேர்ந்ததுதான் என்று காட்ட, அதே இடத்தில் கிடைத்த மற்ற சிலைகளோடு உலோகத்தை ஒப்பிட்டார்கள், ஒட்டியிருந்த மண்ணை ஒப்பிட்டார்கள், கரையான் தடத்தைக்கூட விடவில்லை. 1988-இல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு, 1991-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. கோயிலையே ஒரு சட்ட நபராக ஏற்று, சொந்தம் கொண்டாட அதற்கு உரிமை உண்டு என்று லண்டன் நீதிமன்றம் சொன்னது. படிக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. ஆனால் ஒரு சிலைக்கு இத்தனை வருடம், இத்தனை நிபுணர்கள். ஆயிரம் சிலைக்கு இது நடக்காது.

கேள்வி: நான் பழைய நாணயம் சேகரிக்கிறேன். வெளிநாட்டு ஏலங்களில் தபாலில் வாங்குகிறோம். ஒரு செப்புக்காசுக்குக் கூடவா வரலாறு கேட்பார்கள்?

பதில்: கேட்கிறார்கள், கேட்பதும் சரிதான் என்பது என் கட்சி. அமெரிக்காவில் 2007-இல் சைப்ரஸின் பழங்கால நாணயங்களும், 2009-இல் சீனாவின் சில நாணய வகைகளும் இறக்குமதித் தடைப் பட்டியலில் ஏறின. நாணயச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று இதை எதிர்த்துப் பார்க்கவே, 2009-இல் லண்டனிலிருந்து 23 காசுகளை பால்டிமோர் வழியாகக் கொண்டுவந்து பிடிபட்டு வழக்குப் போட்டது. அவர்கள் வாதம் என்னவென்றால், ஒரு காசு அச்சடித்த இடத்திலேயே கிடைத்ததென்று யார் கண்டது, காசு என்றாலே ஊர் ஊராகப் போவதுதானே என்பது. வாதத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் 2012-இல் நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. அங்குள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருள் பட்டியலில் உள்ள வகையைச் சேர்ந்தது என்று அரசு காட்டினால் போதும், அது முறையாக வெளியேறியது என்றோ தடை வருவதற்கு முன்பே வெளியே இருந்தது என்றோ காட்டுவது இறக்குமதி செய்பவரின் வேலை.

காசு சிறியதுதான். ஆனால் தோண்டும் களத்தில் எந்த மண் அடுக்கு எந்தக் காலம் என்று சொல்வது பல சமயம் அந்தக் காசுதான், அதை உலோகம் காட்டும் கருவியோடு வந்து இரவோடு இரவாக எடுத்துவிட்டால் அந்த அடுக்கின் வயது தெரியாமலே போய்விடும். ஆகவே ஏலக்காரரிடம் முந்தைய ஏலப் பட்டியலின் பக்கம், பழைய உரிமையாளரின் பில் என்று ஏதாவது கேளுங்கள். கொடுக்க முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒருவர் நல்லெண்ணத்தில், விஷயம் தெரியாமல் வாங்கிவிட்டார். அவருடைய பணம் போனது போனதுதானா?

பதில்: எந்த நாட்டில் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலேய வழிச் சட்டத்தில் திருடனால் நல்ல உரிமையைக் கொடுக்க முடியாது, எத்தனை கை மாறினாலும் பொதுவாக இதுதான் விதி. இத்தாலி மாதிரியான நாடுகளில் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கே உரிமை. ஒருவருடைய ஜப்பானியச் சிற்றுருவங்கள் இங்கிலாந்தில் திருடு போய், இத்தாலியில் விற்கப்பட்டு, வாங்கியவரால் மறுபடி லண்டனுக்கே ஏலத்துக்கு வந்தன. ஆங்கிலேய நீதிமன்றம், விற்பனை நடந்த இடத்தின் சட்டம்தான் செல்லும் என்று சொல்லி, முதல் உரிமையாளரைக் கைவிட்டது. திருட்டுப் பொருளை ஏன் இரண்டு மூன்று நாடுகள் வழியாகச் சுற்றவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

யுனெஸ்கோ உடன்படிக்கைப்படி, பொருளைத் திரும்பக் கேட்கும் நாடு நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கு நியாயமான நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஏழை நாடு ஒன்று தன் சொத்துக்கே பணம் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நாடுகளின் தனியார் சட்டங்களை ஒத்துப்போகச் செய்யும் யுனிட்ராய்ட் என்ற அமைப்பு 1995-இல் கொண்டுவந்த உடன்படிக்கை இதைக் கொஞ்சம் சரிசெய்தது. வாங்கும்போது உரிய விசாரணை செய்ததாகக் காட்டினால்தான் நஷ்டஈடு, சும்மா "எனக்குத் தெரியாது" என்றால் இல்லை. ஆனால் பெரிய சந்தை நாடுகள் பலவும், இந்தியாவும், அதில் இன்னும் சேரவில்லை.

கேள்வி: ஐரோப்பாவில் புதிதாக ஏதோ லைசென்ஸ் முறை வந்திருக்கிறதாமே? வியாபாரிகள் கூச்சல் போடுவதாகப் படித்தேன்.

பதில்: 2019-இல் இயற்றிய விதி, 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உருவான அல்லது கண்டெடுத்த பண்பாட்டுப் பொருள்களுக்கு இது பொருந்தும். தொல்லியல் பொருளாக இருந்து 250 வயதைத் தாண்டியிருந்தால், விலை ஒரு யூரோவாக இருந்தாலும் இறக்குமதி உரிமம் வேண்டும். 200 வயதைத் தாண்டி 18,000 யூரோவோ அதற்கு மேலோ மதிப்புள்ள வேறு சில வகைகளுக்கு, முறைப்படிதான் வெளியேறியது என்று இறக்குமதி செய்பவர் கையெழுத்திட்டு உறுதி தர வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அதிகாரிகளுக்கும் கெடு உண்டு.

வியாபாரிகளின் குறை இதுதான்: தாத்தா காலத்தில் வாங்கியதற்கு யாரிடம் பில் இருக்கும்? இதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன், நேர்மையான குடும்பங்களுக்கும் இது தலைவலிதான். ஆனால் விதியே அதற்கு வழி வைத்திருக்கிறது. பொருள் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலோ, 1972 ஏப்ரல் 24-க்கு முன்பே அங்கிருந்து வெளியேறியிருந்தாலோ, கடைசியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எந்த நாட்டில் இருந்ததோ அங்கிருந்து முறையாக வெளியேறியதற்கான சான்று போதும். அது யுனெஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அதே தேதி. இந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு போலிக் காகிதங்கள் வரும் என்ற பயம் எனக்கு உண்டு, ஸ்ரீபுரந்தானில் பார்த்தோமே. இருந்தாலும் அடிப்படை மாறிவிட்டது. இது களவுப் பொருள் என்று ஒரு கிராமத்துக் கோயிலோ பாலைவனத்து அருங்காட்சியகமோ பாடுபட்டு நிரூபிக்க வேண்டியிருந்த நிலைமை போய், இது நல்ல வழியில் வந்தது என்று கொண்டுவருபவர் காட்ட வேண்டியிருக்கிறது. லாபம் பார்ப்பவர் அவர், பணமும் வக்கீலும் அவரிடம்தான் இருக்கிறது, காகிதம் தேடும் வேலையையும் அவரே செய்யட்டும். பல வருடங்களாக இதைத்தான் இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. பாக்தாத் அருங்காட்சியகம் 2003 ஏப்ரலில் சூறையாடப்பட்டபோது ஐ.நா. பாதுகாப்பு அவை 1483-ஆம் தீர்மானத்தில் ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடை செய்யச் சொன்னது. பிரிட்டன் உடனே போட்ட ஆணையில், அப்படிப்பட்ட பொருளை வைத்திருப்பவர்தான் தனக்கு விவரம் தெரியாது, சந்தேகப்படவும் காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று எழுதியது. போர் என்றதும் முடிந்தது, அமைதிக் காலத்தில் மட்டும் முடியாதா என்ன?

கேள்வி: பொருள் திரும்புகிறது, படம் எடுத்துக்கொள்கிறார்கள், வாங்கியவர் ஜெயிலுக்குப் போனதாகச் செய்தியே இல்லையே?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. மேலே சொன்ன அதே ஸ்டைன்ஹார்ட் 2021-இல் 7 கோடி டாலர் மதிப்புள்ள 180 பொருள்களை ஒப்படைத்தார், இனி வாழ்நாள் முழுக்கப் பழம்பொருள் வாங்கக் கூடாது என்ற தடையை ஏற்றார், அவர் மீது குற்றவழக்கு இல்லை. மாறாக ஃப்ரெடெரிக் ஷுல்ட்ஸ் என்ற நியூயார்க் வியாபாரி, எகிப்தியப் பொருள்களுக்காக 33 மாதச் சிறைத்தண்டனை பெற்றார், எகிப்தின் 1983-ஆம் ஆண்டு அரசுடைமைச் சட்டத்தை அமெரிக்க நீதிமன்றம் மதித்ததால் அது முடிந்தது. சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி, 2012-இல் இந்தியா கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 ஆண்டுத் தண்டனை பெற்றார்.

வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிப்பது கடினம், அதனால் வழக்கறிஞர்கள் பொருளை மீட்பதோடு சமாதானம் ஆகிவிடுகிறார்கள். மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் 2017-இல் தொடங்கிய பழம்பொருள் கடத்தல் பிரிவு, 2024 நவம்பரில் மட்டும் 1,440 பொருள்களை இந்தியாவுக்குத் திருப்பித் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் சட்டமும் இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது. அனுமதியில்லாத ஏற்றுமதிக்கு 1972 சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரைதான் சிறை. இதை உயர்த்தாமல் மற்ற நாடுகளிடம் கடுமையை எதிர்பார்ப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவோடு இந்தியா ஏதோ ஒப்பந்தம் போட்டதே, அது என்ன ஆனது?

பதில்: பண்பாட்டுப் பொருள் கடத்தலைத் தடுப்பதற்கான அந்த ஒப்பந்தம் 2024 ஜூலை 26-இல் டெல்லியில் கையெழுத்தானது. நாணயக் கேள்விக்குச் சொன்ன அதே 1983 சட்டத்தின் கீழ் வருவது. ஒவ்வொரு பொருளும் திருட்டு என்று தனித்தனியே நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், பட்டியலில் உள்ள வகையென்றால் சுங்கமே நிறுத்தலாம். இவ்வகை ஒப்பந்தங்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் நம் அதிகாரிகள் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ஒரு பழைய கோயிலின் விழாப் படங்கள் எங்கள் குடும்ப ஆல்பத்தில் இருக்கின்றன, உற்சவர் தெளிவாகத் தெரிகிறார். இதனால் யாருக்காவது பயன் உண்டா? இப்போது புதிதாகப் படம் எடுப்பதானால் எப்படி எடுக்க வேண்டும்?

பதில்: நிச்சயம் உண்டு. படத்தைக் கிழியாமல் ஸ்கேன் செய்து, பின்னால் தேதி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, யார் எடுத்தது, எந்த ஆண்டு விழா என்பதை இப்போதே எழுதிவையுங்கள். ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்துக்கும் இன்னொன்றைச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் கொடுங்கள்.

புதிதாக எடுப்பதானால் அனுமதி கேட்டுக்கொண்டு, அலங்காரம் இல்லாத நேரத்தில் எடுங்கள். பட்டும் பூவும் மூடியிருந்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. முன், பின், இரண்டு பக்கம் எல்லாம் வேண்டும், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து. உலக அளவில் ஆப்ஜெக்ட் ஐடி என்ற பதிவு முறை ஒன்று உண்டு, அதில் கேட்பது இவைதான்: என்ன பொருள், எதனால் ஆனது, உயரம் அகலம் எவ்வளவு, எழுத்து ஏதும் உண்டா, எதைக் குறிக்கிறது, எந்தக் காலம், தனி அடையாளம் என்ன. கடைசியாகச் சொன்னதில் அதிகக் கவனம் வையுங்கள். வார்ப்பில் விழுந்த குழி, வளைந்த விரல், பீடத்தில் ஒட்டு வேலை, தேய்ந்த மூக்கு, இவற்றையெல்லாம் கிட்டப் போய் எடுங்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தோன்றும் இரண்டு சிலைகளைப் பிரித்துச் சொல்வது இவைதான். திருட்டுக் கலைப்பொருள்களுக்கு இன்டர்போலிடம் ஒரு தரவுத்தளமும், 2021 முதல் ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியும் உண்டு. சிலை களவு போனால் போலீஸ் வழியாக அந்தத் தளத்தில் ஏற்ற, நீங்கள் எடுத்துவைத்த இந்தப் படங்கள்தான் கேட்கப்படும்.